வயதான காலத்தில் சேர்ந்து பாடுவது, பின்னுவது, நடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக் குழு, ஓவிய வகுப்பு, பின்னல், நாடகம், நடனம், மரவேலை, கதை எழுதுவது என்று 60 வயது தாண்டியவர்கள் சிலர் சேர்ந்து எதையாவது உருவாக்கும் எந்த ஏற்பாட்டையும் இங்கே 'குழு' என்றே சொல்கிறேன். கேள்வி கேட்கிறவர்கள் மூன்று வகை. சேரலாமா என்று யோசிக்கும் பெரியவர்கள், அம்மா அப்பாவை எப்படியாவது அனுப்பிவைக்க நினைக்கும் பிள்ளைகள், ஏற்கெனவே குழு நடத்திக்கொண்டிருப்பவர்கள். எல்லோருடைய கேள்விகளையும் கலந்தே போட்டிருக்கிறேன், உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி குறையுமா, ரத்த அழுத்தம் இறங்குமா என்பதெல்லாம் இங்கே ஓரமாகத்தான் வரும். மற்ற மனிதர்களோடு இருப்பதில் என்ன மாறுகிறது என்பதுதான் பேச்சு.

சும்மா உட்கார்ந்து பேசினால் போதாதா? பெயின்ட்டும் பாட்டும் எதற்கு?

பேச வருகிறவர்களுக்குப் போதும். ஆனால் ரொம்ப நாள் தனியாக இருந்தவருக்கு முதலில் விட்டுப்போவதே பேச்சுதான். புதிதாக ஒருவரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் வியாதியைப் பற்றியோ, போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றியோ, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியோ வரும், பத்து நிமிடத்தில் அதுவும் தீர்ந்துவிடும், அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கையில் ஒரு வேலை இருந்தால் நிலைமை வேறு. பேசாமல் இருந்தாலும் யாருக்கும் சங்கடமில்லை, ஏனென்றால் சும்மா இருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறோம். பேசத் தோன்றினால் "அந்தக் கத்தரியைக் கொடுங்க" என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கூட ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள், இதைப் பல குழுக்களில் கவனிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, என் பார்வையில் இதுதான் முக்கியமானது. அரைகுறையாக நிற்கும் வேலை அடுத்த வாரம் வருவதற்கு ஒரு காரணம். "மனசுக்கு நல்லது, வாங்க" என்று கூப்பிட்டால் வராதவர், "உங்க பாகம் இல்லாமல் இந்தக் காட்சி ஓடாது" என்றால் வந்துவிடுவார். வராவிட்டால் அவர் இல்லாதது தெரியும், யாராவது போன் செய்வார்கள். நாம் வரவில்லை என்று கவனிக்க ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அப்படி யாருமே இல்லாமல் இருந்தவருக்குத்தான் தெரியும்.

தனிமை என்பது அவ்வளவு பெரிய பிரச்சினையா? வயதானால் சகஜம்தானே?

சகஜம் என்று விட்டுவிடும் அளவுக்குச் சின்னதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, அதாவது 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் சொன்னது. இது வயதானவர்களுக்கு மட்டும் உள்ளதல்ல, இளையவர்களிடமும் நிறைய இருக்கிறது.

தனியாக வாழ்வதும் தனிமையாக உணர்வதும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வீடு நிறைய ஆள் இருந்தும் தனிமையாக உணர்பவர்கள் உண்டு. எல்லோரும் பாசமாக இருப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், சாய்ந்துகொள்ளத் தலையணை வைப்பார்கள், ஆனால் அவரால் ஆக வேண்டிய காரியம் என்று வீட்டில் ஒன்றும் இருக்காது.

அப்புறம், வேலையை விட்டு ஓய்வு பெறும்போது நெருங்கிய நண்பர்களை இழப்பதில்லை. இழப்பது தினமும் பார்த்துத் தலையாட்டும் மனிதர்களோடு உள்ள அந்த அரைகுறைப் பழக்கங்களை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே இந்த இலேசான பழக்கங்களுக்கு எவ்வளவு பலம் என்று எழுதினார். அவர் சொன்னது வேலை தேடுவதைப் பற்றி, ஆனால் முதுமைக்கும் அது பொருந்துகிறது. உயிர் நண்பரை யாராலும் ஏற்பாடு செய்து தர முடியாது, இந்த இலேசான பழக்கங்களை ஒரு குழுவால் திருப்பித் தர முடியும்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா, இல்லை நல்லெண்ணத்தில் சொல்வதா?

இருக்கிறது. ஆனால் எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். வாஷிங்டன், புரூக்ளின், சான் பிரான்சிஸ்கோ என்று மூன்று இடங்கள், 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 300 பேர், சராசரி வயது 80ஐ ஒட்டி. பாதிப் பேர் தேர்ந்த கலைஞர்கள் நடத்திய குழுக்களில் சேர்ந்தார்கள், பாதிப் பேர் வழக்கம்போல இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குழுவில் இருந்தவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, கீழே விழுந்தது குறைவு, தனிமை உணர்வும் குறைவு. அவர்கள் மற்ற வேலைகளில் ஈடுபடுவதும் கூடியிருந்தது, சேராதவர்களிடம் அது குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்களைக் குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லை, அதனால் ஏற்கெனவே சுறுசுறுப்பாக இருந்தவர்கள்தான் சேர்ந்தார்களோ என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு.

குலுக்கல் போட்ட ஆய்வுகளும் அப்புறம் வந்தன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 60 வயதுக்கு மேற்பட்ட 258 பேரை வைத்து 14 வாரம் பாட்டுக் குழு நடத்தினார்கள், முடிவு 2015இல் வந்தது. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் கூடியது. சான் பிரான்சிஸ்கோவில் ஜூலீன் ஜான்சன் என்ற ஆய்வாளரின் குழு 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்து ஆறு மாதப் பாட்டுக் குழுவைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. தனிமை குறைந்தது, வாழ்க்கையில் ஆர்வம் கூடியது. ஞாபகசக்தியிலோ உடல் இயக்கத்திலோ குறிப்பிடும்படி மாற்றம் இல்லை, மருத்துவச் செலவும் குறையவில்லை.

எனக்கு இந்தக் கடைசி ஆய்வின் மேல்தான் மரியாதை அதிகம். எதிர்பார்த்ததில் பாதி வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், வந்த பாதி தனிமை சம்பந்தப்பட்டது. ஆகவே "பாடினால் மூளை இளமையாகும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

எது சிறந்தது, பாட்டா ஓவியமா நடனமா?

வேகமாகப் பழக வைப்பது பாட்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள், சில பாட்டு வகுப்புகள், மற்றவை கைவினையும் கதை எழுதுவதும். முதல் மாதத்தில் பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நெருங்கினார்கள். ஏழு மாதம் முடிந்தபோது எல்லா வகுப்பும் ஒரே அளவில் நின்றன. 2015இல் வந்த ஆய்வு இது, முதியவர்களை மட்டும் வைத்துச் செய்ததல்ல.

ஒரே நேரத்தில் மூச்சு எடுத்து ஒரே நேரத்தில் குரல் விடும்போது பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாமலே அவரோடு ஏதோ ஒன்று சேர்ந்துவிடுகிறது. பின்னலில் அது மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். அதனால் உங்களுக்குப் பாட்டு பிடிக்காது என்றால் கவலை வேண்டாம், நேரம் கொடுங்கள் போதும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், நட்பு உருவாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஜெஃப்ரி ஹால் என்பவர் அமெரிக்காவில் ஒரு கணக்கு எடுத்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறதாம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஆய்வில் இருந்தவர்கள் ஊர் மாறியவர்களும் மாணவர்களும்தான், இருந்தாலும் ஒரு குத்துமதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வாரம் 2 மணி நேரம் என்றால் 50 மணி நேரம் சேர 25 வாரம். ஆறு வாரப் பயிற்சி என்று அறிவித்து, சான்றிதழ் கொடுத்து, கலைத்துவிடும் திட்டங்கள் ஏன் யாருடைய வாழ்க்கையையும் தொடுவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பழக ஆரம்பிக்கும்போது கடையை மூடிவிடுகிறார்கள்.

எனக்கு ஒன்றுமே வராது. குரலும் கிடையாது, கையும் ஓடாது. நான் போய் என்ன செய்ய?

பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம்" என்று சொன்னதை 60 வருடம் சுமந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

வராது என்பது ஒரு வகையில் நல்லதும்கூட. அமெரிக்காவின் டல்லாஸில் டெனிஸ் பார்க் என்ற ஆய்வாளரின் குழு 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டது. சிலர் டிஜிட்டல் போட்டோகிராபி கற்றார்கள், சிலர் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்யக் கற்றார்கள், சிலர் இரண்டையும். இன்னொரு கூட்டம் புதிதாக எதையும் கற்காமல் சேர்ந்து பேசிச் சிரித்து ஊர் சுற்றியது. வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். புதுசாக, கஷ்டமாக ஒன்றைக் கற்றவர்களுக்குத்தான் ஞாபகசக்தி கூடியது. வாரம் 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள், அரை மணி நேரம் வண்ணம் தீட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

சமூகப் பக்கத்திலும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்களாக உட்கார்ந்திருக்கும் அறையில் முன்னாள் அதிகாரியும் முன்னாள் கடைநிலை ஊழியரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், பழைய பதவி அங்கே செல்லாது.

அப்பா வரவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

"முதியோர் பொழுதுபோக்கு" என்று சொன்னீர்களா? அந்தச் சொல்லைக் கேட்டால் நானும்தான் வரமாட்டேன்.

ஆண்களை வரவைப்பது கடினம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. எந்த ஓவிய வகுப்பை எடுத்தாலும் பெண்கள்தான் அதிகம். ஆஸ்திரேலியாவில் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 'மென்ஸ் ஷெட்' என்று பெயர், ஆண்களுக்கான பட்டறைக் கொட்டகை. மரவேலை, பழுது பார்ப்பது, பொம்மை செய்வது. அந்தப் பெயரோடு வந்த முதல் கொட்டகை விக்டோரியா மாநிலத்தின் டோங்காலாவில் 1998இல் தொடங்கியது என்பார்கள். இன்று அந்த நாட்டில் மட்டும் 1,000க்கு மேல் இருக்கின்றன, அயர்லாந்து, பிரிட்டன் என்று வெளியிலும் பரவிவிட்டன. ஆண்கள் முகத்துக்கு முகம் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள் என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம்.

அதனால் அப்பாவிடம் "போய் நாலு பேரோடு பழகுங்க" என்று சொல்லாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு உதவிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். நாடகக் குழுவுக்கு மேடைச் சாமான் செய்ய ஆள் வேண்டும், பாட்டுக் குழுவுக்கு ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும். பலர் இப்படிப் பின்வாசல் வழியாக வந்துதான் கடைசியில் பாடவே ஆரம்பிக்கிறார்கள். கூப்பிடுகிறவர் நீங்களாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. மகனோ மகளோ சொன்னால் அது அறிவுரை, வெளியாள் கேட்டால்தான் அது தேவை.

குழுவில் இளைஞர்களையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. எல்லோரும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்ய வேண்டும். ஒரே நாடகம், ஒரே சுவரோவியம். இளைஞர்கள் ஆடிக் காட்ட, பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினால் அது குழு இல்லை, நிகழ்ச்சி. "பாட்டி, ஒரு பழைய கதை சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதும் சீக்கிரம் அலுத்துப்போகும், பாட்டிக்கும்தான்.

ஒத்த வயதுக் குழுக்களுக்கென்று ஒரு சுகம் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. எதையும் விளக்க வேண்டாம். பெயர் மறந்துபோனால் யாரும் கவலையோடு பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் மறந்துபோயிருக்கும்.

அம்மாவுக்கு மறதி நோய். இப்படிப்பட்ட குழுவில் அவரால் என்ன செய்ய முடியும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். குழு மட்டும் அவருடைய ஞாபகத்தைச் சோதிக்கக் கூடாது. "இது யார் தெரிகிறதா?", "நேற்று என்ன செய்தோம்?" என்று கேட்டால் அவருக்கு அது பரீட்சை.

ஆன் பாஸ்டிங் என்ற அமெரிக்கர் 1996இல் மில்வாக்கியில் ஒரு முதியோர் இல்லத்தில் முயன்று பார்த்த வழி இதற்கு நேர் எதிரானது. மறதி நோய் உள்ளவர்களிடம் பழையதை நினைவுபடுத்தச் சொல்லிச் சொல்லிப் பலன் இல்லாமல் போனதும், ஒரு பத்திரிகையிலிருந்து ஓர் ஆளின் படத்தைக் கிழித்து எடுத்து, இவருக்கு என்ன பெயர் வைக்கலாம், எங்கே இருக்கிறார் என்று கற்பனை செய்யச் சொன்னார். யார் எதைச் சொன்னாலும் கதையில் சேர்த்துக்கொண்டார், சரி தப்பு என்று எதுவும் இல்லை. அதுதான் பிறகு 'டைம்ஸ்லிப்ஸ்' என்ற முறையாக வளர்ந்து பல நாடுகளுக்குப் போனது. பிரிட்டனில் 2003லிருந்து மறதி நோய் உள்ளவர்களும் அவர்களைக் கவனிப்பவர்களும் சேர்ந்து பாடும் குழுக்கள் நடக்கின்றன, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2006இல் இவர்களுக்காகவே ஓவியங்களைப் பார்த்துப் பேசும் நிகழ்ச்சியைத் தொடங்கியது.

பேச்சு குறைந்த பிறகும் பழைய பாட்டின் வரிகள் பலருக்குத் தங்கியிருக்கும். ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது கூட வருகிறவரைப் பற்றி. கணவனையோ மனைவியையோ வருடக் கணக்கில் பார்த்துக்கொள்பவருக்கு வெளியே போவதே நின்றிருக்கும், கூப்பிடுகிறவர்களும் குறைந்திருப்பார்கள். குழுவில் அந்த ஒரு மணி நேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடும்போது ஒருவர் நோயாளி, ஒருவர் பராமரிப்பாளர் என்பது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தைப் பார்ப்பதும் அங்கேதான். அம்மாவுக்காகச் சேர்த்தீர்கள் என்றாலும் அப்பாவுக்குத்தான் அதிகம் உதவியது என்று பிற்பாடு தெரியவரலாம்.

கை நடுங்குகிறது, காது சரியாகக் கேட்பதில்லை. சேர்ந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?

60 வயது தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் நீங்கள் மட்டும் என்பதற்கு வாய்ப்பே குறைவு. காது கேட்காதவர்கள் குழுவிலிருந்து விலகுவது தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதற்காக மட்டுமல்ல, எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சிரிக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கூச்சத்தால்.

நடத்துகிறவர்கள் செய்யக்கூடியவை ஒன்றும் பெரிய காரியங்கள் இல்லை. மின்விசிறிச் சத்தமும் எதிரொலியும் குறைவான அறை, வட்டமாக உட்காருவது, பேசுகிறவரின் முகத்தில் வெளிச்சம் விழுவது, ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவது, பின்னணியில் பாட்டு ஓடாமல் இருப்பது. பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். எழுந்திருக்கக் கைப்பிடி உள்ள நாற்காலி போடுங்கள். கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும், படி ஏறிப் போகும்படி இருந்தால் பலர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவார்கள், நீங்கள் அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கை நடுக்கத்துக்கு வருவோம். பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்கென்றே நியூயார்க்கின் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001இல் வகுப்பு தொடங்கியது, தேர்ந்த நடனக் கலைஞர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள், இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. 'கிராண்ட்மா மோசஸ்' என்று பெயர் வாங்கிய அமெரிக்க ஓவியர் 70 வயதைத் தாண்டித்தான் முழு மூச்சாக ஓவியத்துக்கு வந்தார், காரணம் மூட்டுவாதத்தால் ஊசி பிடித்துப் பூவேலை செய்ய முடியாமல் போனது. 101 வயது வரை வாழ்ந்தார். ஒன்று முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம், அதே குழுவுக்குள்ளேயே.

குழுவுக்குள் சண்டை வருகிறதே?

வரும். ஒருவருடைய வழக்கமான நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். தனிப் பாட்டு யாருக்கு என்பதில் மனஸ்தாபம். கேட்காமலே மற்றவர்கள் தையலைப் பிரித்துத் திருத்தும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவர் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர், அதனால்தான் சமாளிப்பது இன்னும் கஷ்டம்.

எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. வேண்டாத இடத்தில் யாரும் நாற்காலிக்குச் சண்டை போடமாட்டார்கள். வருடக் கணக்கில் யாரோடும் கோபித்துக்கொள்ளக்கூட வாய்ப்பில்லாமல் இருந்தவருக்கு, கோபித்துக்கொண்டு, ஒரு வாரம் வராமல் இருந்து, யாரோ போன் செய்து சமாதானப்படுத்தித் திரும்பி வருவது என்பது ஒரு முழு உறவின் அனுபவம். நடத்துகிறவர் பஞ்சாயத்துத் தலைவர் வேலையில் இறங்காமல் இருந்தால் பெரும்பாலானவை தானாகவே அடங்கும்.

ஆனால் ஒன்றை விடக்கூடாது. ஒருவரைக் குறிவைத்து மற்றவர்கள் ஒதுக்குவது, அவருடைய மறதியையோ உச்சரிப்பையோ கேலி செய்வது. இது வயதானவர்களிடமும் உண்டு, பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதை அன்றைக்கே, சம்பந்தப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, நேரடியாகச் சொல்லிவிட வேண்டும்.

மேடை நிகழ்ச்சி, கண்காட்சி எல்லாம் அவசியமா?

அவசியம் இல்லை, ஆனால் வைத்தால் குழுவின் தன்மையே மாறும். தேதி குறித்துவிட்டால் ஒருவருக்கொருவர் போன் செய்து ஒத்திகை பார்ப்பார்கள், உடை பற்றிப் பேசுவார்கள், வகுப்பு நேரத்துக்கு வெளியே பழக்கம் வளர்வது அப்போதுதான்.

ஜப்பானில் நாடக இயக்குநர் யூகியோ நினாகாவா 2006இல் 55 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து 'சைதாமா கோல்ட் தியேட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார், தேர்வுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். வெளிநாடு போய் நடித்தார்கள், நினாகாவா 2016இல் இறந்த பிறகும் தொடர்ந்து 2021 வரை மேடையேறினார்கள். லண்டனில் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கின் 'கம்பெனி ஆஃப் எல்டர்ஸ்' 1989இலிருந்து 60 தாண்டியவர்களை வைத்து நடனம் ஆடுகிறது. இரண்டு இடத்திலும் "இந்த வயதிலும் பாருங்களேன்" என்று கைதட்டு வாங்குவது நோக்கமாக இருக்கவில்லை. நல்ல நாடகம், நல்ல நடனம் என்றே பார்க்கப்பட வேண்டும் என்று உழைத்தார்கள்.

அந்த "இந்த வயதிலும்" என்ற கைதட்டு எனக்குப் பிடிக்காது. சின்னக் குழந்தை நடக்கும்போது தட்டுகிற கை அது. ஒத்திகை போதவில்லை என்றால் நிகழ்ச்சியைத் தள்ளிவையுங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள், பெரியவர்கள் அதற்கு உடைந்துபோகமாட்டார்கள்.

குழுவில் யாராவது இறந்துபோனால்?

இது யாரும் விளம்பரத்தாளில் போடாத கேள்வி, ஆனால் சில வருடம் ஓடும் எந்தக் குழுவுக்கும் வரும். மறைக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாற்காலியை அவசரமாக எடுக்காதீர்கள், அன்றைக்குப் பாட வேண்டுமா என்று அவர்களையே கேளுங்கள். பெரும்பாலும் பாட வேண்டும் என்பார்கள். அவர் பாதியில் விட்ட பின்னலை யாராவது முடித்து வீட்டாரிடம் கொடுப்பதும் உண்டு. தன்னைப் பற்றியும் இப்படிப் பேசுவார்கள், வருத்தப்படுவார்கள் என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அதை வாய்விட்டு யாரும் சொல்வதில்லை என்றாலும்.

ஆன்லைனில் நடத்தலாமா?

கதை எழுதுவது, பின்னல், வரைவது நன்றாகவே நடக்கும், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. பாட்டு மட்டும் சரிப்படாது. வீடியோ காலில் சத்தம் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகிறது, சேர்ந்து பாடினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், கடைசியில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் பாட வேண்டியதுதான்.

நேரில் பாடும்போது எச்சரிக்கையும் வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் நடந்த ஒரு பாட்டுப் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா வந்தது அல்லது வந்திருக்கக்கூடும் என்று கணக்கானது, 2 பேர் இறந்தார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வராதீர்கள் என்பதை மரியாதைக்காகத் தயங்காமல் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

கைவேலைக்கு 8 முதல் 12 பேர், பாட்டுக்கு இன்னும் அதிகம் தாங்கும். ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம், நடுவில் கட்டாயம் இடைவேளை, பழக்கம் வளர்வது பாதிக்குப் பாதி அந்த இடைவேளையில்தான். கிழமையும் நேரமும் மாறக் கூடாது.

சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால்?

உறுப்பினர்களே சொல்லிக்கொடுக்கட்டும். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்ற ஒன்று தொடங்கியது, அங்கே பேராசிரியர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் அதையே எடுத்துக்கொண்டு வேறு மாதிரி மாற்றினார்கள்: சம்பளத்துக்கு ஆசிரியர் இல்லை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது. இன்று ஒருவர் ஆசிரியர், நாளை அவரே மாணவர். நட்புக்கு இது பிரமாதமான ஏற்பாடு. தரம் முக்கியம் என்றால், அதாவது நாடகமோ சேர்ந்து பாடுவதோ மேடைக்குப் போக வேண்டும் என்றால், தொழில் தெரிந்த ஒருவர் இல்லாமல் முடியாது, அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

மனச்சோர்வு இருக்கிறது. குழுவில் சேர்ந்தால் சரியாகிவிடுமா?

லேசான வாட்டத்துக்கு உதவும். தூக்கம், பசி எல்லாம் போய், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துவிடலாம் போல இருக்கிறது என்கிற நிலை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், குழு அப்புறம். இரண்டும் சேர்ந்து நடக்கலாம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை.

ஒரு தடவை போனேன், பிடிக்கவில்லை. மறுபடியும் போக வேண்டுமா?

முதல் நாள் யாருக்கும் பிடிக்காது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், உங்களைத் தவிர. இன்னும் மூன்று நான்கு முறை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு குழு பாருங்கள்.

வேறு எதுவும் வேண்டாம் என்றாலும் தப்பில்லை. வயது ஏற ஏற மனிதர்கள் வேண்டுமென்றேதான் தங்கள் வட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறார்கள், இருக்கும் நேரத்தை நெருங்கியவர்களோடு கழிக்க நினைக்கிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல வருட ஆய்வில் காட்டியிருக்கிறார். இரண்டு நண்பர்களோடும் ஒரு வானொலியோடும் நிறைவாக இருப்பவரை, பிள்ளைகளுக்கு நிம்மதி வேண்டும் என்பதற்காகப் பாட்டு வகுப்புக்கு அனுப்ப வேண்டியதில்லை. எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கேளுங்கள். "தனியாக இருக்கீங்களா?" என்று கேட்டால் பதில் வராது. "கடைசியாக யாரோடு சேர்ந்து சிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் யோசிக்கும் வரை காத்திருங்கள்.